பாறையைப் பார்த்த கதவு

நகரத் திட்டமிடல் முதுகலைக்கு நில்டா தைப்பேயை இரண்டு பல்கலைக்கழகங்கள் கூப்பிட்ட வாரத்தில், அவள் வீட்டு வாசற்கதவு மேற்குச் சுவரை விட்டு வடக்குச் சுவருக்குப் போனது. நிலை, தாழ்ப்பாள், கடைமணி, கதவில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரம் எல்லாம் கூடவே போயின. பழைய இடத்தில் செங்கல் வரிசை பிசகாமல் சுவர் இருந்தது. லிமாவின் கிழக்கோரத்து மூன்று சிலுவைக் குன்றில் தண்ணீர் லாரி வராமல் போவதுதான் பெரிய செய்தி. கதவு இடம் மாறியது அதற்கு அடுத்த செய்தி. நில்டாவின் அம்மா ஃபாஸ்டினா முன்னறையில் மளிகைக் கடை வைத்திருந்தாள். காலையில் ரொட்டிக்கு வந்தவர்கள் சுவரைப் பார்த்தபடி வரிசையில் நின்றார்கள்.

"ஃபாஸ்டினா அக்கா, கடையைத் தூக்கிட்டீங்களா?"

"கடை இங்கதான் இருக்கு. கதவுதான் ஊர் சுத்தப் போயிருக்கு. அந்தப் பக்கமா வா."

இரண்டு நாளில் குன்றுக்குக் காரணம் விளங்கிவிட்டது. வடக்கே, பனி பெய்யும் ஒரு நகரத்துப் பல்கலைக்கழகம் நில்டாவுக்குக் கட்டணம், மாதப் பணம், தனியறை மூன்றும் தருவதாகச் சொல்லியிருந்தது. கிழக்கே, வீட்டுக்குப் பின்னால் நின்ற பாறைக்கும் மலைத்தொடருக்கும் காட்டுக்கும் அப்பால், பிரேசிலின் சாவோ பாவ்லோவில் படிப்பு இலவசம். சாப்பாட்டுக்கு அவளே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். நில்டா இன்னும் முடிவெடுக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். கதவோ வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. மனதுக்குள் ஒளித்துவைப்பதற்கென்று அவளிடம் இருந்தது அந்த ஒரு ஆசைதான். அதைத் தெருவே பார்த்தபடி ரொட்டி வாங்கிப் போனது. வெட்கத்தில் அவள் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள். தனக்குத்தானே நேர்மையாக இருந்த நேரங்களில், தன்னை இழுப்பது பட்டமோ பெயரோ அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. திருகினால் வெந்நீர் வரும் குழாய் ஒன்று, உள்பக்கம் பூட்டு வைத்த கதவு ஒன்று. இணையத்தில் வந்த படத்தை வைத்து அந்த அறையின் நீள அகலத்தைக் கணக்கிட்டு வரைந்து, கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்பதுவரை யோசித்திருந்தாள்.

வடக்கின் பணத்தோடு ஒரு வேலையும் வந்தது. லிமாவின் குன்றுச் சரிவுகளை எல்லாம் வரைபடமாக்கும் திட்டம் அது. அதிலிருந்துதான் அவளுக்குச் சம்பளம். மாதிரிக்கென்று அனுப்பிய படத்தில் மூன்று சிலுவைக் குன்று அடி முதல் உச்சி வரை சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் காலி செய்ய வேண்டிய இடம். ஓடையோரத்து வீடுகளுக்கு ஆபத்து உண்மைதான் என்பதை நில்டா மறுக்கவில்லை. ஒவ்வொரு நிலநடுக்கத்துக்குப் பிறகும் அந்தச் சரிவைக் கையால் தடவிப் பார்த்தவள் அவள். அங்கே தாங்குசுவர் கட்டினால் மீதிக் குன்று நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். திரையில் வந்த பேராசிரியரிடம் அதைச் சொன்னாள். அதே பணத்தில் சுவர்களைப் பற்றி ஆராயலாமா என்றும் கேட்டாள். நிறங்கள் ஏற்கெனவே முடிவாகிவிட்டன என்றார் அவர், மிக மரியாதையாக. வீடு வீடாகப் போய்த் தகவல் எடுக்க ஆள் வேண்டும். உங்களுக்கென்றால் எல்லோரும் கதவைத் திறப்பார்கள், அது எங்களுக்குப் பெரிய உதவி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குன்றின் தலைவர் தோன் அபிலியோ இதையே முதல் விஷயமாக எடுத்தார். தண்ணீர் லாரி இரண்டாவதாகப் போனது.

"காசை வாங்கிக்க மகளே. அங்க போய் உக்காந்துகிட்டு, நம்ம குன்றுக்கு மட்டும் பச்சையைப் பூசிவிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"கலரெல்லாம் அவங்க பூசியாச்சு, தோன் அபிலியோ. வீடு வீடா வந்து உங்களைக் கணக்கெடுக்கத்தான் என் கை வேணுமாம். வாடகைக்கு."

"இந்த மேட்டுல கையை வாடகைக்கு விடாதவ யாருடி?" என்றாள் ஃபாஸ்டினா. "அடுத்தவ வீட்டுப் பாத்திரம் தேய்ச்சுத்தான் உன்னை வளர்த்தேன். கை தேஞ்சா போச்சு?"

"நீ அவங்க பாத்திரத்தைத் தேய்ச்சேம்மா. நம்ம வீட்டை அழிச்சுத் தரச் சொல்லி யாராச்சும் கூலி குடுத்தாங்களா உனக்கு?"

எதிர்வீட்டுச் செஃபெரினா, "பேச்சு நல்லாத்தான் இருக்கு, ஆனா உன் கதவு இன்னும் வடக்கால இல்ல நிக்குது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நில்டாவுக்கு முகம் எரிந்தது.

"ஆமா, ஆசையாத்தான் இருக்கு," என்றாள். "வெந்நீருக்கு ஆசை. பூட்டு வச்ச ரூமுக்கு ஆசை. இருந்துட்டுப் போகட்டும். ஆசைப்பட்டதுக்கெல்லாம் நான் குனியணுமா?"

அன்றே, கூட்டம் நடந்த இடத்திலிருந்தே, வடக்குக்கு மறுப்பு எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகும் வெந்நீரின் ஆசை போகவில்லை. அது உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க, அவள் அதைத் தாண்டி நடந்து வீட்டுக்கு வந்தாள். வீட்டில் கதவு கிழக்குச் சுவருக்குப் போயிருந்தது. அந்தப் பக்கம் குன்றின் பாறை, சுவரிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. உள்ளிருந்தவர்கள் கதவைத் தள்ளினால் பாறையில் முட்டியது. ஃபாஸ்டினா சன்னல் வழியாக வெளியே குதித்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, கதவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் வைக்கல, கடைக்கும் வைக்கல. பாறைக்குத்தான் வாசல் வச்சிருக்கா மகராசி."

"பிரேசில் அந்தப் பக்கம்தானே, அக்கா?" என்றார் தோன் அபிலியோ. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பொதுவேலை அறிவித்தார். வராதவர்களுக்கு வழக்கமான அபராதம். கடப்பாரையும் சம்மட்டியுமாகக் குன்று வந்து பாறையை வெட்டியது. கதவு திறக்கும் அளவுக்கு முதலில், பிறகு ஆள் நிற்கும் அளவுக்கு, பிறகு நிறுத்த மனம் வராமல் உச்சிச் சிலுவைகள் வரைக்கும் படிகளாக. நில்டாவின் சாப்பாட்டுச் செலவுக்குச் செஃபெரினா பொய்யாதா வைத்தாள்: சிவப்பு மிளகாய் விழுதில் ஊறிய கோழியைப் பெரிய சட்டியில் பொரித்து, சீட்டு வாங்கியவர்களுக்குத் தட்டு தட்டாகக் கொடுத்தாள். கோழி வேகவில்லை என்று சண்டை போட்டவர்களும் இரண்டாவது சீட்டு வாங்கினார்கள். அதன் பிறகு அவளுடைய ஒவ்வொரு படிப்புப் பருவத்துக்கும் ஒரு பொய்யாதா நடந்தது.

நில்டா பேருந்திலேயே கண்டத்தைக் குறுக்காகக் கடந்தாள். சாவோ பாவ்லோவில் மூன்று பெண்களோடு ஓர் அறை, பூட்டு கிடையாது, குளியலறையில் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டியதில்லை. பனிநகரத்து அறையின் படத்தை அவள் கிழிக்கவில்லை. சில மாலைகளில் அதை எடுத்துக் கட்டிலை வேறு சுவருக்கு மாற்றி வரைந்து பார்ப்பாள். பிறகு தாங்குசுவர்களின் கணக்குக்குத் திரும்புவாள்.

அவள் அங்கே இருந்த காலத்தில் வடக்கின் வரைபடம் வேறொருவர் கையால் முடிந்தது. நகராட்சி ஆட்கள் சிவப்புச் சாயத்தோடு வந்தார்கள். காலி செய்ய வேண்டிய வீட்டின் வாசற்கதவில் குறியிட வேண்டும், சுவரில் இட்டால் செல்லாது என்பது விதி. முதலில் ஃபாஸ்டினாவின் வீட்டுக்குப் போனார்கள். தூரிகையை நனைத்து நிமிர்ந்தபோது கதவு மேற்கே போயிருந்தது. மேற்கே ஓடினார்கள்; அது வடக்கே இருந்தது. பிறகு செஃபெரினாவின் கதவு நகர்ந்தது, தோன் அபிலியோவின் கதவு நகர்ந்தது, மதியத்துக்குள் குன்று முழுவதும் கதவுகள் சுவர் மாறிக்கொண்டிருந்தன. சாயம் வெயிலில் இறுகிப் போனது. ஃபாஸ்டினா சன்னலில் நின்று, "தம்பிகளா, களைச்சுப் போயிட்டீங்க, சோடா தரவா? காசு குடுத்துத்தான் குடிக்கணும்," என்றாள். வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

நில்டா திரும்பி வந்து குன்றுக்குத் தன் வரைபடத்தைப் போட்டாள். ஓடையோரத்துக்குத் தாங்குசுவர்கள், பாறைப் படிகளுக்குத் தெரு என்ற தகுதி, தெருவை ஒட்டித் தண்ணீர்க் குழாய். வீடுகள் எல்லாம் இருந்தன. ஒன்றுக்கும் கதவு வரையவில்லை. நகராட்சிப் பொறியாளர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை நேரிலேயே கேட்டார்.

"கதவு எங்கம்மா?"

"அது அந்தந்த வீட்டுக்காரங்க விஷயம் சார்."

அவர் முத்திரை வைத்தார். முதல் சுவர் அந்தக் குளிர்காலத்தில் எழுந்தது, குழாய் அதற்கு அடுத்த ஆண்டில். ரொட்டிக்காரன் இப்போது படியேறி வந்து, ஒவ்வொரு வீட்டின் மூலையிலும் நின்று ஊதலை ஒருமுறை ஊதுகிறான். கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கம் கூடையோடு போகிறான்.