தாடைக்குக் கீழே ஒரு விரல்

மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, முதல் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பக்கவாதம் வந்து படுத்து எழுந்த கணவர், தன் அக்கா ஊட்டிய ஒரு கிண்ணம் மசித்த பூசணிக்காயை ஒரு தடவைகூட இருமாமல் சாப்பிட்டு முடித்தார்.

அவர் மனைவி பார்லரில் புருவம் திருத்துகிறவள். வேலைக்குக் கிளம்பியவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூசணிக்காயை மசித்து வடிகட்டியது அவள். தண்ணீரைத் தேன் பதத்துக்குக் கெட்டியாக்கும் மாவைக் கலக்கிவைத்ததும் அவள்தான். முந்தின நாள் அவள் ஊட்டியபோது எடுத்த எடுப்பிலேயே புரையேறி, அவருக்குக் கண் பிதுங்கிவிட்டது. அக்காள் கை பட்டால் மட்டும் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

"சட்டையில சிந்தாத. குனிடா, நல்லா குனி. இன்னும் பச்சப்புள்ளயா நீ?" என்று நாத்தனார் அதட்டினாள்.

அவர் குனிந்து விழுங்கினார். வாயின் ஒரு பக்கத்தால் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் வேறு யாருக்கும் அவர் தந்து பல நாளாயிற்று. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளால் 'டா' போட முடியுமா?

"ஞாயித்துக்கிழமை தம்பிய எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேம்மா. தப்பா எடுத்துக்காத. இன்னொரு தரம் புரையேறி நெஞ்சுல சளி கட்டினா மூக்குல குழாய்தான்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"நான் வேலைய விட்டுர்றேன் அண்ணி."

"விட்டா மட்டும் உன் கையில இறங்கிருமா?"

அவள் செருப்பை மாட்டினாள்.

பார்லரில் வாடிக்கையாகப் பேசிக் கொல்லும் ஒரு பேங்க்காரி, நாற்காலியில் சாய்ந்திருந்தவள், தொண்டை வறண்டு தண்ணீர் கேட்டாள். இவள் யோசனையிலேயே இடது கை விரலால் அவள் தாடையைத் தூக்கிப் பிடித்து, பாட்டிலை வாயில் சரித்தாள். தண்ணீர் மூக்கில் ஏறிற்று.

"கழுத்த விடுடி! அண்ணாந்துக்கிட்டு எப்படி முழுங்கறது? கொல்லப் பாக்குறியா?"

துண்டை எடுத்து நீட்டியவள் தன் விரலையே பார்த்தாள். எந்த முகம் முன்னால் வந்தாலும் நிமிர்த்திப் பழகிய விரல். வீட்டிலும் அவள் நின்றபடிதான் ஊட்டுவாள். கரண்டி போகும் முன்னே அவர் தாடைக்குக் கீழே இந்த விரல் போய்விடும். முழுங்கும்போது தாடை நெஞ்சைத் தொடணும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது, யாரோ சொன்ன கதை மாதிரி இப்போது ஞாபகம் வந்தது.

பாசமாவது, ராசியாவது! கழுத்து. வெறும் கழுத்து. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் நாத்தனார் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, மீதிப் பூசணிக்காய்க் கிண்ணத்தோடு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"குனிங்க. இன்னும் கொஞ்சம்."

தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இருமல் வரவில்லை. அடுத்த கரண்டியும் இறங்கியது, அதற்கடுத்ததும். பாதிக் கிண்ணம் காலியானபோது அவர் தலையைத் தூக்கி உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

"அக்கா... எங்க?"

"வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசுங்க," என்றாள்.

அவர் குனிந்து விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தனியாகப் பஸ் ஏறினாள்.