கோயில் வாசலில் நின்ற வழிகாட்டி

வழிகாட்டித் தேர்வுக்கு எந்தத் தெரு என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் கொடுத்தார்கள். எனக்கு வந்தது ஜாலான் பண்டார். அதாவது, மாரியம்மன் கோயில் இருக்கும் தெரு.

அது 1989 டிசம்பர். அடுத்த ஆண்டு சுற்றுப்பயணிகள் ஏராளமாக வருவார்கள் என்று கோலாலம்பூரில் புதிய வழிகாட்டிகளைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார்கள். மாலை வகுப்புக்கு நானும் என் கணவர் நாராயணனும் சேர்ந்தே பெயர் கொடுத்திருந்தோம். வகுப்பு தொடங்கிய கொஞ்ச நாளில், ஏப்ரலில், அவர் போய்விட்டார். செந்தூல் ரயில் பட்டறையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து நடந்தே கிளம்புவோம். பெரிய ரயில் நிலையத்தின் வெள்ளைக் கும்மட்டங்களுக்குக் கீழே நின்று நான் பேச வேண்டும்; அவர் சுற்றுப்பயணி. மோசமான சுற்றுப்பயணி. “மேடம், இங்க டாய்லெட் எங்க இருக்கு?” என்பார். “மேடம், நேத்து வந்த கைடு வேற மாதிரி சொன்னாரே” என்பார். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஜாமெக் பள்ளிவாசலைக் காட்டும்போது, “இதுல எது கிள்ளான், எது கோம்பாக்? ரெண்டும் பாலு ஊத்தி ஆத்துன தே தாரேக் மாதிரிதான் இருக்கு” என்பார். நான் சிரித்துவிட்டால் மறுபடி ரயில் நிலையத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வீடு ரயில்வே குவார்ட்டர்ஸ்; வேலை அவருடையது என்பதால் வருஷக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கிள்ளான் நகரத்தில் இருந்த அவருடைய அக்கா இராஜம்மா என்னைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னார். நல்ல மனுஷி. ஆனால் அந்த வீட்டில் நான் செத்துப்போன தம்பியின் பெண்டாட்டியாக மட்டும்தான் இருக்க முடியும். தேர்வில் தேறி வழிகாட்டி அட்டை கிடைத்தால் பிரிக்பீல்ட்ஸிலேயே ஓர் அறை பிடித்துக்கொள்ளலாம். நாங்கள் நடந்த தெருக்கள் என்னோடு இருக்கும்.

அந்த அட்டைக்கும் எனக்கும் நடுவில் கோயில் வந்து நின்றது. சாவு நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை நாங்கள் கோயிலுக்குள் போவதில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கே போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் குழுவை உள்ளே அழைத்துப் போகாமல் அந்தத் தெருவில் தேற முடியாது.

இராஜம்மாவுக்குப் போன் செய்தேன்.

“வேலதானேன்னு உள்ள போயிராத கோமதி.”

“போவமாட்டேன் அண்ணி.”

“அப்ப பெயிலாயிருவியே லா.”

“ஆவலாம்.”

“சரி, இங்க வந்துரு. மீனு நல்லா கெடைக்கும்” என்றார்.

தெருவை மாற்றிக்கொள்ள அனுமதி இல்லை என்று தேர்வாளர் கமாருடின் சொல்லிவிட்டார். கூடப் படித்த அப்துல் ஜலீல்தான் வழி சொன்னார். மஸ்ஜித் இந்தியா தெருவில் அவர் குடும்பத்துக்குத் துணிக்கடை.

“உள்ள மட்டும் நான் கூட்டிட்டுப் போறேன் அக்கா. எது எங்க இருக்குன்னு சொல்லிக் குடுங்க.”

“நீங்க உள்ள போலாமா?”

“கைடு வேலதானே. கும்பிடவா போறேன்? எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

கொடிமரம், தூண்கள், விதானத்து ஓவியங்கள், தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வெள்ளித் தேர் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று மட்டும் சொல்லவில்லை. அதை ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தேர்வு நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. கூடப் படித்தவர்கள்தான் சுற்றுப்பயணிகள். சீனக் கோயிலின் ஊதுவத்திப் புகையிலிருந்து பூக்கடைகள்வரை, கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை வழியாக அவர்களை நடத்தி வந்தேன். கோபுரத்தைக் காட்டி, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லி முடித்து, செருப்புகளைக் கழற்றச் சொன்னேன். ஜலீல் முன்னால் போனார். நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன். கமாருடினும் என்னோடு நின்றுவிட்டார்.

“நீங்கள் போகவில்லையா?” என்று மலாயில் கேட்டார்.

சொன்னேன். தலையசைத்தார். பேனாவைத் திறக்கவில்லை.

உள்ளே பார்த்தேன். ஜலீல் குழுவை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் வேகமாக நடக்கத் தொடங்கிவிட்டார்கள். எதிரே வெள்ளிக்கிழமைக் கூட்டம் முழுவதும் வந்தது. பால்குடம் ஏந்திய ஒரு பெண் ஒதுங்க இடமில்லாமல் நின்றாள். அர்ச்சனைத் தட்டோடு வந்த அம்மாள் ஒருவர், “தம்பி, ஒன்-வே ரோட்டுல எதுக்க வரீங்களே” என்றார். சிரிப்பு எழுந்தது. என் குழுவினர் இங்கே இரண்டு பேர், அங்கே மூன்று பேராகச் சிதறினார்கள். ஜலீல் வாசலுக்கு ஓடி வந்தார்.

“அக்கா, கும்பிட வந்தவங்கள்லாம் ஏன் எதுக்க வராங்க?”

“நீங்க ஏன் அந்தப் பக்கம் போனீங்க?”

அவருக்கே அப்போதுதான் விளங்கியது. “ரெண்டு வாரமா அம்மாவோட ஹஜ் கிளாஸ் போறேன். மக்காவுல இருக்கற கஅபா மாதிரி கட்டி வெச்சு சுத்தப் பழக்குறாங்க. கால் தானா போயிருச்சு அக்கா.”

கமாருடின் குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. ஆனால் என் ஆட்கள் உள்ளே வழி தெரியாமல் நிற்கிறார்கள். படியை ஒட்டிப் போய் நின்று, ரயில் நிலையத்தின் இரைச்சலுக்குப் பழகிய குரலில், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர்கள் வாசலின் உட்புறம் வந்து கூடினார்கள். படிக்கு இந்தப் பக்கம் நின்றே பேசினேன். இங்கே சாமியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவோம். ஜலீல் மக்காவில் கஅபாவை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றப் போகிறார். அதைப் பழகிக்கொண்ட காலோடு நமக்கு வழிகாட்ட வந்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்வோம் என்றேன். தட்டோடு நின்ற அம்மாளும் நின்று கேட்டார். “அப்ப பரவால்ல தம்பி, இப்பிடி வாங்க” என்று அவரே முன்னால் நடந்தார்.

அவர்கள் பிராகாரத்தின் மறுபக்கம் மறைந்தார்கள். நான் காத்திருந்தேன்.

“வழிகாட்டி குழுவை விடக் கூடாது” என்றார் கமாருடின்.

“தெரியும்.”

“விட்டீர்கள். குழு சிதறியது. அதற்கு நான் மதிப்பெண் போட முடியாது.” பேனாவைத் திறந்தார். “சிதறியதைச் சேர்த்தீர்கள், அதற்குப் போடலாம். உங்கள் வருஷம் எப்போது முடிகிறது?”

“ஏப்ரலில்.”

“அப்போது உள்பகுதியை மட்டும் செய்யுங்கள். தெருப் பகுதியில் தேறிவிட்டீர்கள்.”

அதுவரை கிள்ளானில் இருந்தேன்; ஏப்ரலில் அங்கேயே திவசம் கொடுத்தோம். மறுவாரம் உள்பகுதியைச் செய்ய நான் பஸ் ஏறும்போது இராஜம்மாவும் பட்டுச் சேலையோடு ஏறினார். கமாருடின் காலணியைக் கழற்றிவிட்டுக் கோயில் வாசலில் நின்றிருந்தார். “முதலில் கும்பிட்டுவிட்டு வாருங்கள். நான் இருக்கிறேன்” என்றார்.

கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அம்மன் முன்னால் நின்றபோது எதையும் கேட்கத் தோன்றவில்லை. நின்றது போதுமாக இருந்தது. திரும்பி வந்து வேலையைத் தொடங்கினேன். இராஜம்மாவும் குழுவாகிப் பின்னாலேயே வந்தார். பிறந்ததிலிருந்து வந்துபோகும் கோயிலில், விதானத்தை அன்றுதான் அண்ணாந்து பார்த்தாராம். நான் முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கமாருடின் என் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

தெருவுக்கு வந்ததும் கிள்ளான் பஸ் நிற்கும் பக்கம் திரும்பினேன். இராஜம்மா திரும்பவில்லை.

“அந்த ஆத்துப்பக்கம் பள்ளிவாசல் இருக்குன்னியே, தூரமா?”

“நடக்கலாம் அண்ணி. பஸ்ஸு போயிருமே?”

“அடுத்தது இல்லியா என்ன?” முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். “ரூம் பாத்துட்டியா?”

“பிரிக்பீல்ட்ஸ்ல, ஸ்காட் ரோட்டுப் பக்கம் ஒண்ணு சொல்லிருக்காங்க.”

“ரெண்டு பேரு படுக்கற மாதிரி பாரு. ஞாயித்துக்கெழமையில நான் வருவேன்ல.”