ஓக்காய் விற்ற கைப்பட்டை

டெஷி கடற்கரையில் சனிக்கிழமை காலைகளில் ஓடுகிற பெண்கள் நாற்பது பேர். அத்தனை பேர் மணிக்கட்டிலும் ஒரே மாதிரி கறுப்புப் பட்டை. இதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது, ஓட்டத்தில் எத்தனை கலோரி கரைந்தது என்று சொல்லும் பட்டை. விற்றவன் பயிற்சியாளன் ஓக்காய். அதைக் கட்டாதவர்கள் வரவே வேண்டாம் என்று சொல்லியிருந்தான்.

அஜெலேயும் வாங்கிக் கட்டினாள். ஐம்பத்திரண்டு வயது, பிரசவ விடுதியில் மருத்துவச்சி. ரத்த அழுத்தம் ஏறுகிறது, எடையைக் குறை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஓடி முடித்ததும் பட்டை எண்ணூற்றைம்பது கலோரி என்று காட்டும். அதற்கு ஏற்றபடி மத்தியானம் புளித்த சோளமாவை அவித்த கென்கே இரண்டு உருண்டை, பொரித்த மீன், மிளகாய் அரைத்தது என்று அளந்துதான் சாப்பிட்டாள். மூன்று மாதம் கழித்து எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருந்தது.

ஓக்காய் அதை எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தான்.

"மெஷின் பொய் சொல்லாது ஆன்ட்டி. ராத்திரி குழம்புச் சட்டிய யாரு தொறக்குறாங்கன்னு வீட்ல விசாரிங்க."

பெண்கள் சிரித்தார்கள். அஜெலேக்கு முகம் பற்றி எரிந்தது.

"நான் திருட்டுத் தீனி திங்கிறேன்னு சொல்றியா?"

"நான் எங்க சொன்னேன்? எடை சொல்லுது."

இருபத்தெட்டு வருஷம் பிரசவம் பார்த்தவள். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் துடிப்பைக் காதால் கேட்டே எண்ணுகிறவள். நேற்று முளைத்த ஒருத்தன் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டான்.

அடுத்த ஓட்டத்தில் பாதியில் சட்டென்று நின்றாள். பட்டை நூற்றறுபத்தெட்டு என்றது. கழுத்தில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். கால் நிமிடத்துக்கு இருபத்தொன்பது. அப்படியென்றால் நூற்றுப் பதினாறுதான். மறுபடி ஓடினாள். இந்த முறை காலடியை எண்ணினாள். கால் நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு அடி, நிமிடத்துக்கு நூற்றறுபத்தெட்டு.

கூட ஓடிவந்த கோர்க்கோரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோர்க்கோர் சந்தியில் கென்கே விற்கிறவள்.

"அடியே, இது என் நெஞ்சை எண்ணல, காலை எண்ணுது!"

"உன் நெஞ்சு எப்ப காலுக்கு எறங்குச்சு?" என்றாள் கோர்க்கோர்.

அன்றைக்கே அவள் கடையில் வைத்துப் பட்டையை ஒரு கென்கே உருண்டையில் சுற்றிப் பார்த்தார்கள். பச்சை விளக்கு மினுக்கியது. எழுபத்துநாலு.

"ஐயோ, உசுரோட இருக்கே! இத நான் எப்படி விக்கிறது?" என்று கோர்க்கோர் விழுந்து விழுந்து சிரித்தாள். அஜெலே சிரிக்கவில்லை. போனில் பட்டையின் விவரங்களைத் திறந்தாள். ஆண். வயது இருபத்தேழு. எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. கோர்க்கோரின் போனிலும் அதே ஆண், அதே வயது, அதே எடை. எல்லோர் போனிலும் பட்டையை இணைத்துக் கொடுத்தவன் ஓக்காய்தான்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து ஓசூ கடைத்தெருவுக்குப் போனாள். விளையாட்டுச் சாமான் கடையில், துடிப்பு எண்ணும் பட்டையை மாட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று நின்றாள்.

"இதென்ன செருப்பா ஆன்ட்டி, போட்டுப் பாக்க?" என்றான் கடைக்காரன்.

"செருப்பு கடிச்சா கால்தான் புண்ணாகும். இது பொய் சொன்னா என் உசுருப்பா."

கையில் கட்டுகிற இரண்டு வகையை மாட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். கழுத்தில் எண்ணியதற்கும் அவை காட்டியதற்கும் இருபது, இருபத்தைந்து வித்தியாசம். மார்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டை மட்டும் ஒன்றிரண்டுக்குள் ஒத்துவந்தது. அதை வாங்கினாள். தன் வயதையும் எடையையும் தானே பதிந்துகொண்டாள்.

சனிக்கிழமை பழைய கைப்பட்டை, புது மார்புப் பட்டை இரண்டையும் கட்டிக்கொண்டு ஓடினாள். நேரே ஓக்காய் முன்னால் வந்து நின்று கழுத்தை நீட்டினாள்.

"எண்ணு."

அவன் தாடைக்குக் கீழே தடவினான். காதுக்குப் பின்னால் தடவினான்.

"பயிற்சியாளர்னு சட்டையில எழுதிப் போட்டிருக்க. நாடி எங்க இருக்குன்னு தெரியாதா? இங்க வை. இப்ப எண்ணு."

கால் நிமிடத்துக்கு முப்பது என்று முனகினான். நிமிடத்துக்கு நூற்றிருபது. மார்புப் பட்டை நூற்றுப் பத்தொன்பது, கைப்பட்டை நூற்றறுபத்தைந்து. அஜெலே போனை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

"பாருங்கடி, நாம நாற்பது பேரும் இருபத்தேழு வயசு ஆம்பளைங்க!"

ஆளாளுக்குப் போனைத் துழாவினார்கள்.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போட நேரமில்ல ஆன்ட்டி..."

"என்னைப் பொய்க்காரின்னு சொல்ல மட்டும் நேரம் இருந்துச்சா?"

அவன் தலை குனிந்தான். தப்புதான், மன்னிச்சிடுங்க என்றான். அவளுக்கு அது போதவில்லை. உரக்கச் சொல்லு என்றாள். சொன்னான். அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு போனாக வாங்கித் திருத்திக் கொடுத்தான். பலர் பட்டையை அவிழ்த்து அவன் மேஜையில் வீசிவிட்டுப் போனார்கள். மூன்று நாலு பேர் மட்டும், எண்ணூறு என்று பார்த்தால் மனசுக்கு நன்றாயிருக்கிறது, விடு என்று விவரத்தைத் திருத்தவே விடவில்லை. அவர்கள் மேலும் அஜெலேக்குக் கோபம் வந்தது.

அவளுடைய உண்மையான கலோரிக் கணக்கு முந்நூற்றுத் தொண்ணூறு. இவ்வளவு வேர்வைக்கு இவ்வளவுதானா என்று அதன்மேலும் எரிச்சல். போகிற வழியில் கோர்க்கோர் கடையில் நின்று ஒரே ஒரு உருண்டை கேட்டாள்.

"ஊருக்கு நியாயம் வாங்கிக் குடுத்த, என் வியாபாரத்தில பாதி போச்சு," என்றாள் கோர்க்கோர்.

"ஒன்னுதான். பெருசா பாத்து எடு."