செகண்ட்ஸ் பனியனும் செக்ரட்டேரியட்டும்

கருத்தம்மா சேலைக்கு மேல் புது செகண்ட்ஸ் பனியனை மாட்டிக்கொண்ட திங்கட்கிழமை காலை, மாவட்டம் முழுக்கக் கிடப்பில் கிடந்த மனுக்கள் பறந்து வந்து அவள் தகரக் கூரையில் இறங்கின. மொத்தம் பதினோராயிரத்து நாற்பது. மழை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் காயப்போட்ட துணியை எடுத்தார்கள்.

பனியனில் விசேஷம் ஒன்றுமில்லை. வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று தள்ளிய ஆர்டர். அப்படித் தள்ளியதைக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வார்கள். நெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பூரில் யாரும் கேட்பதில்லை. கூடச் செக்கிங் பார்க்கும் அனுப்ரியாதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். “செக்ரட்டேரியட்னு போட்டிருக்குதுங்கக்கா. கெவருமெண்டோட பெரிய ஆபீஸுங்க, எல்லா ஆபீஸுக்கும் மேல.”

அந்த வார்த்தையை ஏழு வருஷமாகக் கேட்டு வருகிறாள் கருத்தம்மா. தெற்கேயிருந்து பிழைக்க வந்து, பல்லடம் ரோட்டோரம் அவளும் புருஷன் மூக்கையாவும் கட்டிய ஒற்றை அறைக்குப் பட்டா கேட்ட மனு எங்கே என்றால், தாலுகா ஆபீஸில் தலை நிமிராமல் சொல்வார்கள்: செக்ரட்டேரியட்டுக்குப் போயிருக்குது. மூக்கையா போய்ச் சேர்ந்துவிட்டான், மனு போய்ச் சேரவில்லை. நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. “அப்ப இனிமே நாந்தான்” என்றாள்.

அவளுக்குத் தெரிந்தது செக்கிங். கறை, ஓட்டை பார்ப்பதுபோல ஒவ்வொரு மனுவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பழுதில்லாததில் பாஸ் ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒட்டிய இடத்தில் கோபுரச் சீல் தானாக விழுந்தது. அந்தந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் உத்தரவு ஏறியது. தன் மனுவை மட்டும் முன்னால் எடுக்கவில்லை. வரிசைப்படி வரட்டும் என்று விட்டாள்.

வியாழக்கிழமை ஜேசிபியோடு அதிகாரி திருமூர்த்தி வந்தார்.

“ஊட்டைக் காலி பண்ணிருங்கம்மா. இடிக்கச் சொல்லி உத்தரவுங்க.”

“எங்கருந்து?”

“செக்ரட்டேரியட்ல இருந்துங்க” என்றவர், பனியனைப் படித்துவிட்டு உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“நான் அப்பிடி ஒண்ணும் போடலையே. வரிசையில நில்லுங்க. ஒங்க மனுவும் இங்கனதான் கெடக்கு.”

சொந்த ஊரான கொமரலிங்கத்துக்கு மாற்றல் கேட்டு நாலு வருஷத்துக்கு முன் அவர் எழுதியது கூரை விளிம்பில் கிடந்தது. ஜேசிபியைத் திருப்பி அனுப்பிவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டார்.

கருத்தம்மாவின் முறை மார்கழியில் வந்தது. தன் மனுவை இரண்டு தடவை திருப்பிப் பார்த்து, பழுதில்லை என்று ஒட்டினாள். இப்போது கண்டக்டர்கள் அவள் வீட்டெதிர் பஸ் நிறுத்தத்தைச் செக்ரட்டேரியட் என்றுதான் கூவுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் பனியனைத் துவைத்துக் கொடியில் போடுவாள். அது காயும்வரை ஆபீஸ் லீவு.