உப்பு ஆகாத கையுறை

சென்ற புரட்டாசியில் வந்த பக்கவாதம் அருக்காணியின் உயிரை விட்டுவிட்டு, வலது கைப் பிடியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. தோள் தூக்கும், முழங்கை மடங்கும். விரல்கள் மட்டும், மெடிக்கல் லீவில் போன ஊழியர்களைப் போல, எதற்கும் அசையாமல் கிடந்தன.

மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் கூடை சுமந்தவள். மேஸ்திரி முருகையன் கருணை உள்ளவர்.

"மொத உப்பு வார்றதுக்குள்ள கை பிடிச்சா வா. இல்லன்னா ஒன் எடத்துக்கு வேற ஆள் போட்டுடுவேன்" என்று நாள் குறித்துக் கொடுத்திருந்தார்.

இடம் போனால் செங்கல்பட்டில் மகள் வீட்டு டி.வி. முன்னால் உட்கார வேண்டியதுதான். மகள் அதற்கென்று மெத்தை வைத்த நாற்காலிகூட வாங்கிவிட்டாள். அந்த நாற்காலியை நினைத்தாலே அருக்காணிக்கு மற்றக் கையும் விளங்காமல் போகும்போலிருந்தது.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து இன்ஜினீயர் கௌதமன் இயந்திரக் கையுறையோடு வந்தார். கறுப்புத் துணி, விரலுக்கு ஒரு மோட்டார், மணிக்கட்டில் பேட்டரி. பச்சைப் பொத்தானை அமுக்கினால் விரல்கள் மூடும், சிவப்பை அமுக்கினால் திறக்கும். முதல் நாள் டம்ளரைப் பிடித்துத் தூக்கியபோது அருக்காணி அழுதுவிட்டாள். கூட வந்த கம்பெனி ஆட்கள் மறக்காமல் அதையும் செல்போனில் பிடித்துக்கொண்டார்கள்.

நிற்க. கையுறைக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. தண்ணீர் படக் கூடாது. மணல் ஆகாது. வெயிலில் வைக்கக் கூடாது. முக்கியமாக, உப்பு அண்டவே கூடாது.

"மரக்காணத்துல இதெல்லாம் இல்லாத எடம் எங்க தம்பி இருக்குது?"

கௌதமன் உண்மையாகவே யோசித்தார். "வீட்டுக்குள்ள, ஃபேனுக்குக் கீழ போட்டுக்கலாம்மா."

"ஃபேனுக்குக் கீழ குந்தறதுக்குக் கை எதுக்கு?"

இதற்குக் கையேட்டில் பதில் இல்லை. ஆகவே மூன்று மாதம் பிளாஸ்டிக் கூம்புகளை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமும், வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமும் எடுத்து வைத்தாள். நல்ல முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டார்கள்.

முதல் உப்பு வாருவதற்கு முந்தின நாள். உப்பளத்து அம்மா கூடை தூக்குவதுபோல ஒரு படம் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். கையுறையில் உப்பும் படக் கூடாது. அதனால் உப்புக்குப் பதில் இரண்டு மூட்டை தெர்மாகோல் மணி கொண்டுவந்து இறக்கினார்கள். உப்பளத்தில்!

அருக்காணி சிரிக்கவில்லை. முருகையனுக்கு ஆள் அனுப்பினாள். வந்து பார்க்கட்டும். எட்ட நின்று பார்த்தால் போதும்.

அவர் வந்து எதிர் வரப்பில் நின்றார். பச்சைப் பொத்தான், விரல்கள் விளிம்பைக் கவ்வின, நிறைந்த கூடை தலைக்கு ஏறியது. முருகையன் வாயைப் பிளந்தார்.

"சூப்பர்மா! இன்னொரு டேக்" என்றார் கௌதமன்.

"சீக்கிரம் எடுங்க தம்பி. காத்து வந்துடும்."

எட்டு டேக் எடுத்தார்கள். பதினோரு மணிக்குக் கடற்காற்று எழும் என்பது அந்தப் பக்கத்து நாய்க்குக்கூடத் தெரியும். கையேடு எழுதியவருக்குத் தெரியவில்லை. கூடையிலிருந்தது புகையாய்க் கிளம்பி, மறுநாள் வார வேண்டிய பாத்தித் தண்ணீரில் வெள்ளையாய்ப் படிந்து மிதந்தது.

"அடப்பாவிங்களா, நாளைக்கு வார்ற பாத்திடா!" முருகையன் அலறினார்.

பொறுப்புணர்ச்சி மிகுந்த கௌதமன் ஷூவோடு பாத்தியில் இறங்கினார். அடியில் கட்டியிருந்த உப்பு நொறுங்கிச் சேறு கலங்கியது.

"ஏம்பா, மேல ஏறு! இருக்கறதயும் கெடுக்காத!" என்று மேஸ்திரி கத்த, கௌதமன் வரப்பேறினார்.

அருக்காணி கையுறையைப் பல்லால் கடித்து உருவி கௌதமன் கையில் கொடுத்தாள். படப்பிடிப்புக்காரர்கள் நிழலுக்குக் கட்டியிருந்த பழம்புடவையை அவிழ்த்து, ஒரு முனையைத் தன் வலது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றினாள். மறுமுனை எதிர் வரப்புக்குப் பறந்தது.

"புடிங்க மேஸ்திரி. தண்ணி மேல தவழணும், அடி தட்டக் கூடாது."

இருவரும் ஆளுக்கொரு வரப்பில் நடந்தார்கள். புடவை மணிகளை ஒதுக்கிக்கொண்டே போனது. நாலு நடையில் எல்லாம் மூலையில் சேர்ந்தன.

முருகையன் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இதத் தூக்கிக் காட்டித்தான் என்னிய ஏமாத்தப் பாத்தியா?"

"ஆமா."

"அப்ப கை பிடிக்கல."

"பிடிக்கல. மணிக்கட்டு இருக்குதே. கூடை விளிம்புல ஒரு கயித்து வளையம் போட்டு மாட்டிக்கறேன். தலையில ஏத்தி விட எப்பவும் ஒரு ஆள் இருக்குது. எறக்கிக் கொட்டறதுதான வேல? இழுத்தா சாயும்."

"சாயலன்னா?"

"சாயலன்னா நானே போயிடறேன். நீங்க சொல்ல வேணாம்."

முருகையன் கையிலிருந்த மணிகளைக் கம்பெனி மூட்டைக்குள் போட்டார். "காலைல அஞ்சு மணிக்கு வா. கயிறு நீயே கொண்டா."

பிற்பாடு வெளியான கம்பெனிப் படத்தில் புடவை இழுக்கும் காட்சியும் இருந்ததாம். கையுறைப் பயிற்சியின் பலன் என்று கீழே எழுதியிருந்தார்களாம். புடவை இழுத்தபோது கையுறை காரில் ஏ.சி.யில் இருந்தது.

மறுநாள் காலை அருக்காணியின் முதல் கூடை பாதி உப்பு அம்பாரத்திலும் பாதி மேஸ்திரியின் காலிலும் கொட்டியது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

முருகையன் காலை உதறினார். "கயித்த ரெண்டு வெரக்கடை கொறச்சிக் கட்டு" என்றார். "போ, அடுத்தது எடு."