மூன்றாவது வழி

எங்கள் முந்திரிக் கம்பெனியில் எந்த அறிக்கையானாலும் மூன்று வழிகள் சொல்ல வேண்டும். யாரும் எழுதிவைத்த விதியல்ல. கொல்லம் அலுவலகத்தில் நான் சேர்ந்ததிலிருந்து பதினாறு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. இரண்டு வழிகளை உண்மையாக எழுதுவோம். மூன்றாவதாக, யாரும் தேர்ந்தெடுக்கவே மாட்டார்கள் என்று தெரிந்த ஒன்றைச் சேர்ப்போம். அதைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டில் ஒன்றை எடுக்கும்போது இயக்குநர்களுக்குத் தாங்களே முடிவெடுத்த திருப்தி கிடைக்கும்.

மே மாதம் கொட்டியம் ஆலையைப் பற்றி அறிக்கை கேட்டார்கள். அங்கே கொட்டை வறுக்கும் பழைய டிரம்மின் புகையைப் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்திருந்தார்கள். டிசம்பரோடு அதை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு வந்திருந்தது. அப்புறம் ஆலையை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

எழுதுவதற்கு முன் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது என் பழக்கம். முந்திரித் தோடு உடைக்கும் பிரிவில் ஓமனா சேச்சி, ஓட்டு எண்ணெய் ஒட்டாமலிருக்கச் சாம்பல் பூசிய கையோடு கொட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சாரே, அந்த ஓட்ட மிதிக்காதீங்க. எண்ணெய் ஒட்டிச்சுன்னா உங்க ஆபீஸே எங்கள மாதிரி மணக்கும்."

புகை விஷயத்தைச் சொன்னேன். அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.

"என்னமோ செய்ங்க. எனக்கு மார்ச்சு வரைக்கும் ஆலை ஓடினாப் போதும். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேணும். ஒம்பதரை ஆனாலே பத்துன்னு எடுத்துக்குவாங்க. இப்ப எட்டு வருஷம் எட்டு மாசம். மார்ச்சுல எனக்கு அம்பத்தெட்டும் முடியுது, அதுக்கப்புறம் கணக்குல சேர்க்க மாட்டாங்க."

"பென்ஷன் வந்ததும் சேச்சி பிளேன்லதான் குருவாயூர் போவாங்க," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"போவேன்டி. உன்னக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

திரும்பி வந்து எழுதினேன். முதல் வழி, வறுப்பதற்குப் பதிலாகக் கொட்டையை அவிக்க நீராவிக் கொதிகலன் வைப்பது. அதற்கு இடம், தண்ணீர், அனுமதி என்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்த சிக்கல்களைப் பிரித்துச் சொல்ல ஏழு பக்கம் ஆயிற்று. இரண்டாவது, பக்கத்து ஆலையில் கொட்டையை அவித்து வாங்கி இங்கே உடைப்பது. அது ஐந்து பக்கம். மூன்றாவது, ஆலையை மூடிவிட்டு வேலையை எங்கள் மங்களூர் ஆலைக்கு மாற்றுவது. பெயருக்கு நான்கு வரி போதும். ஆனால் அரைகுறையாக எழுத எனக்குக் கை வராது. யாருக்கு என்றைக்கு அறிவிப்பு, எந்தச் சாமான் எந்த லாரியில் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கினேன். மூடுவதில் சிக்கல் குறைவு. அதனால் அந்தப் பக்கம் தெளிவாக வந்தது.

மேலாளர் குரியன் சார் படித்துவிட்டுச் சிரித்தார். "சுகதன், மூணாவது ரொம்ப நல்லா வந்துடுச்சேப்பா. கொஞ்சம் கெடுத்து எழுதக் கூடாதா?"

நானும் சிரித்தேன். மாற்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் மேஜைக்கே வந்தார்.

"மூணாவதாம்."

"என்ன சார்?"

"ஒரே பக்கத்துல எல்லாம் இருந்துச்சாம். மத்தத யாரும் முழுசாப் படிக்கலன்னு நினைக்கிறேன்."

நான் எழுதிய அந்தப் பக்கத்தையே தேதி போட்டு ஆலை வாசலில் ஒட்டினார்கள். மறுநாள் ஓமனா சேச்சி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்க எழுதினதாமே சாரே. என் மருமக வாசிச்சா. ஒரு தடவையிலயே எல்லாருக்கும் புரிஞ்சுது."

அவரே தொடர்ந்தார்.

"இன்னொண்ணு எழுதுங்க. டிசம்பர்ல டிரம்ம நிறுத்திக்கட்டும். பக்கத்து ஆலையில அவிச்சத வாங்கி மார்ச்சு வரைக்கும் உடைக்கிறோம். அப்புறம் மூடிக்குங்க. எனக்கு மட்டுமில்ல, அந்தப் பென்ஷன் கணக்குல இன்னும் பதினாலு பேர் இருக்காங்க."

நடக்கக்கூடிய யோசனைதான். அரைப் பக்கத்தில் அடங்கும். எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை? மூன்று வழி ஆனதும் நான் யோசிப்பதை நிறுத்தியிருந்தேன்.

"சேச்சி, முடிவெடுத்த பிறகு அறிக்கை எழுத முடியாது. மேல இருந்து யாராவது கேட்டாத்தான் எழுதலாம்."

"நான் கேக்குறேனே."

அன்றைக்கே எழுதினேன். குரியன் சார் நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா இதக் கேட்டது யாருன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?"

"ஆலையில கேட்டாங்கன்னு சொல்லுங்க."

என்னைப் பார்த்தார். காகிதத்தை மடித்துத் தன் இழுப்பறையில் வைத்தார். அது மேலே போகவில்லை.

டிசம்பர் பதினெட்டாம் தேதி கொட்டியத்தில் நின்றேன். நான் எழுதியிருந்த வரிசைப்படியே லாரிகள் ஏற்றினார்கள். முதலில் தரம் பிரிக்கும் மேஜைகள், பிறகு தராசுகள், கடைசியில் தோடு உடைப்பவர்கள் உட்காரும் பலகைகள். ஓமனா சேச்சி தன் பலகையில் உட்கார்ந்து மீதமிருந்த கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தார். ஆள் வந்து கேட்டதும் எழுந்து கொடுத்தார். பென்ஷன் கணக்கில் அவருக்கு ஒன்பது வருடம் மூன்று மாதம்.