உப்பில்லாத ரொட்டிக்கு ஒரு மெஷின்

அக்காவுக்கு எடை ஏறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை, மாற்றியே ஆக வேண்டும். ஆனால் இந்த மெலிந்த உடம்பை மேஜையில் படுக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை, நன்றாகச் சாப்பிட வைத்து அழைத்து வாருங்கள் என்றார். அதே மூச்சில், உப்பை அறவே குறைத்துவிடுங்கள் என்றும் சொன்னார். நான் மளிகைக்கடைக்காரன். ஒரு கையால் கொடுப்பது போலக் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் மொத்த வியாபாரிகளோடு மல்லுக்கட்டியே வளர்ந்தவன். அவர்களெல்லாம் இந்த டாக்டரிடம் பாடம் கேட்கலாம்.

அக்காவுக்குச் சாப்பாடு என்றால் ரொட்டிதான். அப்பா படுக்கையில் விழுந்த அன்று கடைச் சாவியைக் கையில் வாங்கியவள், அன்றிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே டீயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்று பழகிவிட்டாள். என்னைப் படிக்க வைத்தது அவள். படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் கல்லாவில் உட்கார வைத்தது அவள். அந்தக் கல்லாவை நம்பிப் பெண் கொடுக்க ஒரு குடும்பத்தைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். தனக்கென்று மட்டும் எதையும் தேடிக்கொள்ளவில்லை.

கடை ரொட்டியில் உப்பு இருக்கிறது. உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை என் மனைவி படித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். இத்தனைக்கும் தினம் விற்கிறேன். பேக்கரிக்காரரிடம் உப்பில்லாமல் ஒன்று போட்டுத் தரும்படி கேட்டேன்.

"ஒரே ஒரு ரொட்டிக்காக மாவு பிசையிற தொட்டி மொத்தத்தையும் கழுவச் சொல்றீங்களாண்ணே?" என்றார்.

நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கொஞ்சம் காட்டமாகக் கேட்டிருப்பேன்.

வேறு எதை வைத்தாலும் அக்கா "பசிக்கலடா" என்று தட்டை நகர்த்தினாள். கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை ஓடிப்போய் நின்றது. அதைப் பார்த்துவிட்டு மனைவி, "ரொட்டி மெஷின் வாங்கிடலாம்ங்க. நாமளே போடுவோம்," என்றாள்.

மிக்ஸி, கிரைண்டர் விற்கிற கடையில் விற்பனைப் பெண் முதலில் எங்களை இருப்பதிலேயே பெரிய மெஷினுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "இதுல நிறைய புரோகிராம் இருக்கு சார். ஜாம்கூடச் செய்யும்."

"ஜாம் செய்யிறது இருக்கட்டும்மா. உள்ள இருக்கிற பாத்திரத்தைக் கழட்டிக் காட்டு," என்றாள் மனைவி. வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள், விரலால் தட்டினாள், அடியில் மாவைப் பிசைகிற சின்னத் துடுப்பை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். "இது தேஞ்சு போனா தனியா கிடைக்குமா?"

"வரவழைச்சுத் தருவோம் மேடம்."

"வரவழைச்சுத் தருவோம்னா கிடைக்காதுன்னு அர்த்தம். நாங்களும் கடைதான் வெச்சிருக்கோம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். யாருக்கு, எதற்கு என்று விசாரித்தாள். சொன்னோம். உடனே குனிந்து கீழ்த்தட்டிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்தாள். பித்தான்கள் குறைவு, பாத்திரம் கனம். துடுப்புகள் சுவரிலேயே தொங்கின. "ஒரு ஆளுக்குன்னா இதுதான் சரி. பெருசை வாங்கிக் கொஞ்சமா மாவு போட்டீங்கன்னா, அது ஒரு மூலையில ஒதுங்கிக் கோணலா வெந்துடும். எங்க வீட்லயும் இதுதான்." வந்தவரைக் குறைந்த விலைச் சரக்குக்குத் திருப்பிவிடுகிற விற்பனைப் பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன். என் கடையில் இருந்திருந்தால் வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். அன்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அதற்காகப் பேரம் பேசாமல் இருக்க முடியுமா?

"விலை கம்ப்யூட்டர்ல இருக்கு சார். மாத்த முடியாது."

"அந்தக் கம்ப்யூட்டரைக் கூப்பிடும்மா, நான் பேசிக்கிறேன்."

பருப்பு வேகவில்லை. கட்டுப்படியாகாது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசல் வரை நடந்தேன். எங்கள் தொழிலில் வாசல்படியில் கால் வைத்தால் பின்னாலிருந்து ஒரு குரல் வர வேண்டும். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மனைவி பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்துக்காக அந்தப் பெண் ஒரு துடுப்பை இனாமாகப் பையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து சின்னப் புத்தகத்தில் இருந்தபடியே செய்தோம். தண்ணீர், வெண்ணெய், சர்க்கரை, மேலே மாவு, மாவின் நடுவில் குழி பறித்து நனையாமல் ஈஸ்ட். உப்பு மட்டும் இல்லை. மெஷின் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகியது, குலுங்கியது, அடங்கியது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு செங்கல்.

பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்ணே. கதவு தாங்கணும், அவ்வளவுதான்."

அக்கா ஒரு துண்டை டீயில் தோய்த்தாள். டீதான் ஆறியது, ரொட்டி நனையவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

எழும்பவில்லை என்றால் ஈஸ்ட் போதவில்லை என்றுதானே பொருள்? மறுநாள் தாராளமாகப் போட்டேன். ரொட்டி கிடுகிடுவென்று ஏறிக் கண்ணாடி மூடியை முட்டியது. நான் மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தபோதே, ஓட்டு எண்ணிக்கையில் பின்தங்கிய வேட்பாளர் முகம் போல நடுவில் தொங்கிப் பள்ளமானது. வெட்டினால் உள்ளே பிசின்.

"விடுடா," என்றாள் அக்கா. "எனக்காக எதுக்கு இவ்வளவு? ஆபரேஷன் நடக்கிறப்ப நடக்கட்டும்."

எந்தப் பேரத்தையும் பாதியில் விட்டு எழுந்தவள் இல்லை அக்கா.

கோபத்தை யார்மேலாவது காட்ட வேண்டுமே. விற்பனைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "உன் மெஷின் சரியில்லைம்மா." அவள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். உப்பே போடவில்லை என்றதும், "அப்ப ஈஸ்ட்டைக் குறைக்கணும் சார், நீங்க கூட்டியிருக்கீங்க. உப்புதான் அதுக்குக் கடிவாளம்," என்றாள். பிசைய ஆரம்பித்ததும் மூடியைத் திறந்து மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். காது மடல் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டுமாம். கடைசியாக, "அளவு சரியாத்தானே போட்டீங்க?" என்றாள்.

"அளவா? யாரைப் பாத்தும்மா கேக்கிற? எங்க குடும்பத்துக்குத் தொழிலே அளக்கிறதுதான்!"

மூன்றாவது முறை மெஷினை அக்கா உட்கார்ந்திருந்த அறைக்கே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தோம். அவளுக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்றுதான். நான் கோப்பையால் மாவை அள்ளினேன். தட்டினேன். பாத்திரத்தில் கொட்டினேன்.

"டேய். நிறுத்து."

"என்னக்கா?"

"கப்பைக் கொட்டினதுக்கு அப்புறம் கையால அள்ளிப் போட்டியே, அது என்ன?"

"எது? நான் ஒண்ணும் போடலியே."

"இன்னொரு கப்பு போடு, பாப்போம்."

போட்டேன். கோப்பை காலியானதும் என் கை, என்னைக் கேட்காமலே, மாவுப் பைக்குள் போய் ஒரு சிறங்கை அள்ளி மேலே தூவிவிட்டு வந்தது.

"அவர் எப்பவும் அப்படித்தானே அண்ணி போடுவாரு," என்றாள் மனைவி. பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "நானும் அப்படித்தான் போடுவேன்."

அக்கா ஒரு கணம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கொசுறு!" என்றாள். "மெஷினுக்குப் போயி ரெண்டு பேரும் கொசுறு போட்டிருக்கீங்க!" சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலானது. மனைவி தண்ணீரோடு ஓடினாள். அக்கா அவளைக் கையால் ஒதுக்கிவிட்டு மறுபடி சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது.

எங்கள் கடையில் தராசு முள் நேராக நிற்கும்போது பொட்டலம் மடிப்பதில்லை. மேலே ஒரு பிடி விழ வேண்டும். அந்தப் பிடிக்காகத்தான் ஆட்கள் எதிர்க்கடையைத் தாண்டி வருகிறார்கள். கல்லாவில் உட்கார்ந்த எல்லாக் கைகளுக்கும் அது ஊறிப்போன பழக்கம். ஒவ்வொரு கோப்பை மாவுக்கும் கொசுறு போட்ட நாங்கள் தண்ணீரை மட்டும் கோடு பார்த்து ஊற்றியிருக்கிறோம். தண்ணீருக்கு எந்தக் கடைக்காரன் கொசுறு போட்டான்? மாவு காய்ந்து கல்லாகாமல் வேறென்ன செய்யும்?

"இது என்ன நாளைக்குக் கோவிச்சுக்கிட்டு எதிர்க்கடைக்குப் போயிடுமா? தள்ளு," என்று அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் போட்டதையெல்லாம் திரும்பக் கொட்டச் செய்தாள். கரண்டியால் மாவை மெதுவாகக் கோப்பையில் நிரப்பி, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்தாள். இரண்டாவது கோப்பையின்போது அவள் கையும் மாவுப் பைப் பக்கம் பாதி தூரம் போய்த் திரும்பியது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"என்னடா பாக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்தாள். "உப்பு இல்லேன்னா நாக்கை வேற விதமா ஏமாத்தணும்," என்று வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கச் சொன்னாள். கூடவே வறுத்த எள். மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் மூடியைத் திறந்து மாவை ஒரு விரலால் அழுத்தினாள். அதே விரலாலும் கட்டைவிரலாலும் என் காதைப் பிடித்துக் கிள்ளிப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு."

மேற்கொண்டு சேர்க்க வேண்டியதைக் கேட்டு மெஷின் பீப் பீப் என்று கூப்பிட்டபோது மனைவி வெங்காயத்தையும் எள்ளையும் உள்ளே போட்டாள். பிறகு வீடு முழுக்க ஒரு வாசனை பரவியது. பூட்டுக்கடைக்காரர் கூப்பிடாமலே வந்து வாசலில் நின்று, "முட்டுக் கொடுக்கிற வாசனை மாதிரி தெரியலியே," என்றார்.

ரொட்டி பொன்னிறமாக, தலை லேசாகக் குவிந்து வெளியே வந்தது. அடியில் துடுப்பு மாட்டிக்கொண்டு ஒரு ஓட்டை, அதனால் என்ன. சூட்டோடு வெட்டினால் பிசினாகும் என்று மனைவி கத்தியை ஒளித்து வைத்துவிட்டாள். அக்கா ரொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆறியதும் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தேன். டீயில் தோய்த்தாள். மென்றாள். பூட்டுக்கடைக்காரரையும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உப்பே இல்ல," என்றாள். இன்னொரு கடி கடித்தாள். துண்டு தீர்ந்தது. "பாத்துக்கிட்டே நிக்கிற? இன்னொண்ணு வெட்டு."

மனைவி முகம் கழுவ உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து மெஷின் அக்காவுடையது. எங்களைக் கிட்டே விடவில்லை. வெண்ணெயை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வளையல் முழங்கைக்குப் போவதை மெல்ல நிறுத்தியது. டாக்டர் எடை பார்த்துவிட்டு, "அப்படி என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே தேதி குறித்தார்.

ஆபரேஷன் நாளில் அவள் பட்டினி இருக்க வேண்டும். நாங்கள் கிளம்பும்போது மெஷினில் ரொட்டி சூடாக இருந்தது. முந்தின நாள் மாலையே எங்களுக்குத் தெரியாமல் நேரம் குறித்து வைத்திருக்கிறாள். "அங்க உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் வயித்தைக் காயப் போடாதீங்க," என்றாள். மனைவி அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அது எங்கள் நடுவில் பெஞ்சில் இருந்தது. இரண்டு பேராலும் தொட முடியவில்லை. டாக்டர் வெளியே வந்து, வால்வு நன்றாக வேலை செய்கிறது என்று சொன்ன பிறகு, வெட்டக் கத்தி இல்லாமல் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம். அந்தப் பக்கம் போன நர்ஸுக்கும் கொடுத்தோம்.

மறுநாள் அக்காவைப் பார்க்க விட்டார்கள். உதடு காய்ந்திருந்தது. குரல் வர நேரமானது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ரொட்டி நல்லா எழும்பியிருந்துச்சாடா?"

"எழும்பியிருந்துச்சுக்கா," என்றேன்.